பதினான்காம் கொக்கி

பாய்,

இன்று காலை மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கலாம் என்று அதன் உள்துணியை உருவினேன். அடியில் உங்கள் வில்லை இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகர வில்லை. மேலே ஓர் ஓட்டை, நடுவில் 14 என்று அடித்த எண். எதை எங்கே வைத்தேன் என்பது எனக்கு மறப்பதில்லை. இது மட்டும் மறந்துபோயிருந்தது. மறந்தேனா, மறக்கத் தோதான இடமாகப் பார்த்து வைத்தேனா, தெரியவில்லை. விரலில் தகர வாசனை ஒட்டிக்கொண்டது. நம் கேட் அறையின் வாசனை: தகரம், பீடி, வாட்ச்மேன் எத்திராஜின் தேங்காய் எண்ணெய். கை கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் போய் நான்கு வருடம் ஆகப்போகிறது. உங்களுக்கு எழுத எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தே இத்தனை நாள் எழுதவில்லை. இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஆனாலும் நடந்ததை வரிசையாக எழுதத்தான் எனக்குத் தெரியும், அதையாவது செய்கிறேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நம் ரோலிங் மில்லில் டைம் ஆபீஸ் என் பொறுப்பு. வருகைக்கு ஒன்று, ஷிப்டுக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று என்று மூன்று பதிவேடுகள். வெளியே போகிறவர்கள் தங்கள் அறைச் சாவியை கேட் அறைப் பலகையில் மாட்டிவிட்டு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டோர், லேப், எடைமேடை என்று பதின்மூன்று கொக்கிகளில் சாவிகள் தொங்கும். பதின்மூன்றாவது, எலக்ட்ரிகல் ஃபோர்மேனான உங்களுடைய பேனல் அறைச் சாவி. பதினான்காம் கொக்கியில் எண் வில்லை மட்டும் சும்மா தொங்கியது.

இரண்டாயிரத்து மூன்றிலா நான்கிலா, சரியாக நினைவில்லை, கம்பெனி முக்கியமான ஆட்களுக்கெல்லாம் செல்போன் கொடுத்தது. என்னையும் முக்கியமானவன் என்று யாரோ பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அதை நான் இரண்டு கையாலும் குனிந்து வாங்கியதாக நீங்கள் பல நாள் சொல்லிச் சிரித்தீர்கள். குனிந்தது உண்மைதான்.

அன்று மாலையே நீங்கள் பேனல் அறைச் சாவியைப் பதின்மூன்றில் மாட்டினீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, அதன் கயிற்றைப் பதினான்கில் மாட்டினீர்கள்.

"இது எதுக்கு பாய் இங்க?" என்றேன்.

"ஏன், இதுவும் கம்பெனி சாவிதான் சார். பேனல் ரூம் சாவிய ஊட்டுக்கு எடுத்துகினு போனா நீங்க வுடுவீங்களா?"

நான் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். கம்பெனியின் உடைமையை கேட்டில் ஒப்படைத்துச் செல்ல வேண்டும் என்று அச்சாகியிருந்தது. விதியில் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பதினான்குக்கு எதிரே 'கைப்பேசி, மின்பிரிவு' என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். எத்திராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், புள்ளைய என்கிட்ட வுட்டுட்டுப் போற? தாலாட்டு நான் பாடணுமா?"

"பாடு. ஆனா அழுதுச்சுன்னு என் ஊட்டுக்குத் தூக்கிகினு வந்துடாத."

அதற்குப் பிறகு தினமும் அதே வரிசை. சாவி, போன், கையெழுத்து. கேட்டுக்கு வெளியே குழாயில் முகம் கழுவுவீர்கள். காக்கிச் சட்டையை மடித்துப் பையில் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வீர்கள். மாலையில் அந்த போன் கொக்கியில் தொங்கியபடி அடித்தால் எத்திராஜ் எடுத்து, யாராக இருந்தாலும் ஒரே பதில் சொல்வார்: "பாய் கேட்டத் தாண்டிட்டாரு. காலைல எட்டு மணிக்கு வருவாரு."

சட்டை மாற்றுவதோடு உங்கள் குரலும் மாறும் என்பது எனக்கு ரயிலில்தான் தெரிந்தது. ஆலைக்குள் உங்கள் சத்தம் ஃபர்னஸ் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும். "டேய், ஒன் கைய அறுத்து இங்க வச்சிட்டு அப்பறம் தொடுடா அந்த பேனல!" என்று நீங்கள் கத்தினால் டைம் ஆபீசில் என் பேனா நின்றுவிடும். கெட்ட வார்த்தைகளும் வரும். மின்சாரம் ஓடும் இடத்தில் மெதுவாகச் சொன்னால் ஒருவன் செத்துப்போவான் என்பீர்கள். உங்கள் காலத்தில் நம் ஆலையில் ஷாக் அடித்து யாரும் சாகவில்லை.

ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டும்போது வேறு ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காத குரல். பழவேற்காட்டில் உங்கள் அண்ணன் கருவாட்டுக் கடையில் நடந்த வேடிக்கையைச் சொல்வீர்கள். முந்தின நாள் உங்கள் மகள் ஃபரீதா பள்ளிப் பாடத்தில் கேட்டு நீங்கள் திணறிய கேள்விகளை என்னிடம் கேட்டு வைத்துக்கொள்வீர்கள். பொன்னேரியில் இறங்குவதற்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வீர்கள். நான் மீஞ்சூர் வரை அந்தக் கேள்விகளோடு தனியாகப் போவேன்.

ஒருநாள் கேட்டேன். "எப்படி பாய், ஒரே ஆள் ரெண்டு மாதிரி?"

"ஒரே ஆளுன்னு யார் சொன்னது? கேட்டுக்கு அந்தாண்ட ஒருத்தன், இந்தாண்ட ஒருத்தன். ரெண்டு பேரும் பாத்துக்கவே கூடாது சார். என் பொண்ணு அவனப் பாத்ததில்ல. பாக்கவும் தேவையில்ல."

எனக்கு அப்படி இரண்டு பேர் கிடையாது. ஆலையிலும் வீட்டிலும் நான் ஒரே ஆள்தான், கூப்பிட்டால் எழுந்து நிற்கிறவன். குளிக்கப் போகும்போது போனை சோப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவேன். ஒருமுறை கோயிலில் தீபாராதனை நேரத்தில் மானேஜர் கூப்பிட்டு, வருகைத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். தட்டு நீளும் நேரத்தில் அலமாரி எண் சொல்லிக்கொண்டிருந்தேன். "சாமி கூப்பிட்டாக்கூட வெயிட்டிங்ல போடுவீங்க" என்றாள் என் மனைவி. அந்தக் கருவி என்னைக் கெடுத்தது என்று சொல்ல முடியாது. அது வருவதற்கு முன்பே நான் அப்படித்தான். முன்பு என்னைத் தேட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உங்களைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் அது உண்மையில் ஒன்றைப் பறிக்க முடியும். அதைப் பறித்துக் கொடுத்தவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை. உங்கள் வார ஓய்வு நாள். மதியம் மூன்றாம் நம்பர் கிரேன், சரக்கைத் தூக்கிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. புதிதாக வந்திருந்த ஜெனரல் மானேஜர் தானே உங்கள் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அது கேட் அறையில் அடித்தது. எத்திராஜ் எடுத்து, ஜெனரல் மானேஜரிடமே, "பாய் கேட்டத் தாண்டிட்டாரு" என்று சொல்லிவிட்டார். கிரேன் சாயங்காலம் வரை நின்றது.

மறுநாள் காலை அவர் என்னை அழைத்தார். கோபக்காரர் அல்ல. என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதையாக நாற்காலி காட்டினார். "அந்த போன் ஏன் சார் கேட்ல இருக்கு?" என்றார்.

பதில் என்னிடம் இருந்தது. 'நான்தான் அனுமதித்தேன், விதியில் இடம் இருக்கிறது' என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அதைச் சொல்லவில்லை. "பதிவேடு பார்த்து ஸ்டேட்மென்ட் போட்டுத் தரேன் சார்" என்றது.

இதை நீங்கள் நம்ப வேண்டும் பாய். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைச் செய்தேன். ஒரு நாள்கூடத் தவறாமல், கையெழுத்தோடு, முறையாக ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று காட்டினால் போதும், எந்தக் குற்றமும் நிற்காது என்று நினைத்தேன். முறை இருக்கிற இடத்தில் தவறு இருக்காது என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. இரண்டு நாள் உட்கார்ந்தேன். தேதி, மாட்டிய நேரம், எடுத்த நேரம் என்று கட்டம் போட்டு, விடுமுறை நாட்களைச் சிவப்பு மையில் காட்டினேன். யாரும் கேட்காமலே கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: ஒவ்வொரு நாளும் போன் எத்தனை மணி நேரம் கொக்கியில் இருந்தது என்று. அது இல்லாமல் தாள் முழுமையாகத் தெரியவில்லை.

ஜெனரல் மானேஜர் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார். "ரொம்ப நீட்டா இருக்கு சார்" என்றார்.

அன்று மதியமே சுற்றறிக்கை. ஆங்கிலத்தில் நான்தான் தட்டச்சு செய்தேன். கைப்பேசி எந்நேரமும் பணியாளரிடமே இருக்க வேண்டும், கேட்டில் ஒப்படைக்கக் கூடாது, அழைப்பை எடுக்காதவர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். கீழே இடது மூலையில், தயாரித்தவர் என்ற இடத்தில், என் முதலெழுத்துகள். கொக்கியைக் கழற்றிவிடச் சொன்னார்கள். எத்திராஜ், "நீயே புடுங்கிக்க சார், எனக்கு மனசு வர்ல" என்று ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார். கழற்றினேன். கொக்கியை ஸ்டோரில் சேர்த்து ரசீது வாங்கினேன். வில்லைக்கு ரசீது கிடையாது. பையில் போட்டுக்கொண்டேன்.

மாலையில் நீங்கள் வந்தீர்கள். சாவியைப் பதின்மூன்றில் மாட்டினீர்கள். போனைப் பிடித்த கை பலகையில் வெறும் ஓட்டைக்கு முன்னால் நின்றது.

"இன்னா சார் இது?"

நான் சுற்றறிக்கையை நீட்டினேன். படித்தீர்கள். என் முதலெழுத்துகள் வரை படித்தீர்கள் என்று நினைக்கிறேன். ஆலைக்குள் கேட்கும் அந்தக் குரலில் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். நீங்கள் ரயில் குரலில், "உடுங்க சார். நீங்க எழுதுனா கணக்கா, கரெக்டாத்தான் எழுதியிருப்பீங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை ரயிலில், நான் கேட்காமலே சொன்னீர்கள். முந்தின நாள் தொழுகை முடிந்து வந்து, குடும்பத்தோடு சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போன் அடித்தது. புதுப் பையன் ஒருவன், சப்ளையை நிறுத்தாமலே பேனலுக்குள் கை விட்டபடி சந்தேகம் கேட்டிருக்கிறான்.

"கத்திட்டேன் சார். இன்னா இன்னாவோ வந்துச்சு வாயில. கையெடுடா கையெடுடான்னு எழுந்து நின்னுகினு கத்தறேன். அவன் எடுத்துட்டான். ஒண்ணும் ஆவல. திரும்பிப் பாக்கறேன், ஃபரீதா செவுத்துல ஒட்டிகினு நிக்குது. 'வாப்பா, அது யாரு?'ன்னு கேக்குது."

"போன்ல யாருன்னு கேட்டிருப்பா" என்றேன்.

"இல்ல சார். என்னத்தான் கேட்டுச்சு."

அதன் பிறகு பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே நீங்கள் பேசுவது குறைந்தது. போனை முழங்கால் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அது அடிக்கப்போகிறதா என்று அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள். கேள்விகள் நின்றுவிட்டன. ஃபரீதா இப்போது பாடத்தில் ஒன்றும் கேட்பதில்லையா என்றேன். "அம்மாகிட்ட கேட்டுக்குது" என்றீர்கள். குழாயில் முகம் கழுவுவது நின்றது. ஒருநாள் காக்கிச் சட்டையோடே ரயில் ஏறினீர்கள். எனக்கு அதைவிட அச்சம் தந்தது, ஆலைக்குள்ளும் உங்கள் சத்தம் அடங்கிப்போனதுதான். பையன்கள் தப்பு செய்தால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னீர்கள். பாய் திருந்திவிட்டார் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரையும் ஒரே ஊட்ல வச்சிகினு காலம் தள்ள முடியாது சார்" என்று ஒருமுறை சொன்னீர்கள். "அதான் ரெண்டு பேரையும் அனுப்சிட்டேன்."

அப்போது நான் ஏதாவது செய்திருக்கலாம். ஜெனரல் மானேஜரிடம் போய், ஓய்வு நாளில் மட்டுமாவது அந்தக் கொக்கியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு மனு எழுதினேன். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாவது பிரதியைக் கோப்பில் வைத்தேன். அது கோப்பிலேயே இருந்தது.

நீங்கள் இறந்த செய்தி விடியற்காலையில் வந்தது. இதயம் என்றார்கள். அதற்கும் கொக்கிக்கும் முடிச்சுப் போட நான் டாக்டர் இல்லை. உங்கள் தகப்பனாரும் அந்த வயதில் அப்படியே போனார் என்று உங்கள் அண்ணன் சொன்னார். நான் முடிச்சுப் போடவில்லை. போடாமல் இருக்கவும் முடியவில்லை.

பொன்னேரியில் உங்கள் வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை வந்தேன். இத்தனை வருடம் ஒன்றாக ரயிலில் போயும் வீட்டுக்கு வந்ததில்லை. நானும் கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் என்பதால் நீங்கள் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். அது நியாயம்தான். உங்களைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி இட்டு, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக்குப் பெட்டி வருவதற்காக வாசலில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தோம். அப்போது உள்ளே செல்போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்று, மறுபடியும் அடித்தது.

ஃபரீதா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் உங்கள் போன். யாரிடம் கொடுப்பது என்று பார்த்து, கம்பெனியிலிருந்து வந்தவன் என்று என்னிடம் நீட்டினாள். "சார், உங்க கம்பெனி."

அணைத்திருக்கலாம். அப்படியே கையில் அடிக்க விட்டிருக்கலாம். எத்திராஜ் தினமும் சொன்ன ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். நான் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன்.

"பாய், நம்ப மூணாம் நம்பர் திரும்பவும் டிரிப் ஆயிகினே கீது பாய்" என்றது ஓர் இளங்குரல். விவரம் தெரியாத பையன்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டைம் ஆபீஸ்ல ரெண்டாவது அலமாரி, மேல் தட்டு. கிரேன் வரைபடம் பச்சை ஃபைல்ல இருக்கு. ஒரிஜினலைத் தொடாதே, நகலை எடு. எடுத்ததுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு."

அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். நீங்கள் போய்விட்டதை அவனிடம் சொல்லவில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஃபரீதா நகராமல் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவள் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. நீங்கள் ரயிலில் சொன்ன, 'அது யாரு?' என்று கேட்ட பார்வை அது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. போனை என் கையிலிருந்து வாங்கினாள். பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தாள். மூடி, பேட்டரி, போன் என்று மூன்றையும் தனித்தனியாக என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கம்பெனி சாமான். நீங்களே குடுத்துடுங்க சார். இனிமே இந்த ஊட்ல வேணாம்."

நீங்கள் பல வருடம் முன்பு கேட் அறையில் சொன்னதைத்தான் உங்கள் மகள் சொன்னாள். அந்தக் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மூன்றையும் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு உங்களோடு பள்ளிவாசல் வரை நடந்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். அதே எண்ணோடு அந்த போனை, அன்று கூப்பிட்ட பையனிடமே கொடுத்தார்கள். நான் ஓய்வு பெறும் நாள் வரை அவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. கேட்டுக்கு இருபுறமும் ஒரே ஆளாக இருக்கப் பழகியே வந்த தலைமுறை போலிருக்கிறது. அல்லது அவனுக்குள்ளும் ஒருவன் ஒளிந்திருந்து, நான் பார்க்காமல் போயிருக்கலாம். உங்களையே நான் எவ்வளவு பார்த்தேன்?

இப்போது என்னிடம் இருப்பது என் மகன் வாங்கிக் கொடுத்த போன். அதில் யாரும் கூப்பிடுவதில்லை. ராங் நம்பர் வரும், விளம்பரம் வரும். ஆனாலும் சோப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் குளிக்கப் போகிறேன்.

இன்று காலை வில்லையைக் கண்டதும் ஒரு யோசனை வந்தது. காலண்டர் மாட்டும் ஆணியில் வில்லையை மாட்டி, அதன்மேல் என் போனையும் கயிற்றால் தொங்கவிட்டேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். இன்று ஒரு நாள், ஒரு மாலை வரை என்று எண்ணிக்கொண்டேன். நேரத்தை ஒரு தாளில் குறித்தும் வைத்தேன்.

அது அடிக்கவே இல்லை பாய். அடிக்காமலே நான் எழுந்து போய் எடுத்துவிட்டேன். தாளைப் பார்த்தால் பதினோரு நிமிடம்.

வில்லையை மறுபடி கண்ணாடிப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. இரண்டையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது போனில் தகரம் மோதிச் சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அந்தச் சத்தத்துக்கு இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.